நரகத்துக்கு வழிகாட்டிய விமலாதேவி

விமலாதேவி அவுஸ்திரேலியாவுக்கு வந்து முதலில் கற்றுக்கொண்ட மொழி இத்தாலியன். ஆங்கிலம் நாலு வருடம் கழித்துத்தான் வந்தது. அதுவும் இத்தாலிக்குச் சுற்றுலா போன இடத்தில்தான் அவருடைய வாயிலிருந்து வந்தது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அவருடைய கணவர் மகாதேவனே ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று, "ஓம், உண்மைதான், நான் சாட்சி" என்று சொல்லியிருக்கிறார். அதனால் நானும் துணிந்து எழுதுகிறேன்.

1972இல் அவர்கள் மெல்பேர்ணில் வந்து இறங்கினார்கள். மகாதேவன் யாழ்ப்பாணத்தில் பதினெட்டு வருடம் ஆங்கில ஆசிரியர். இங்கே அவருக்கு அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞர் வேலை கிடைத்தது. கந்தோரில் வெள்ளைக்காரர் எழுதும் கடிதங்களில் பிழை கண்டுபிடிப்பதில் அவருக்கு ஒரு தனிச் சந்தோசம். காலைப் பத்திரிகையைக்கூடச் சிவப்புப் பென்சிலோடுதான் வாசிப்பார். வீட்டில் விமலாதேவி ஆங்கிலத்தில் ஒரு வசனம் தொடங்கினால், பாதியிலேயே அவருடைய ஆள்காட்டி விரல் மேலே எழும்பும்.

"'வென்ட்' எண்டு சொல்லும் விமலா. 'கோ' இல்லை. நேற்று நடந்ததெல்லோ?"

அவர் கோபத்தில் சொல்வதில்லை. பதினெட்டு வருடப் பழக்கம். ஆனால் விமலாதேவி இரண்டே மாதத்தில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்: இனி ஆங்கிலம் பேசுவதில்லை. கடையில் சாமானை விரலால் காட்டுவார். பஸ்ஸில் போகும் இடத்தைத் துண்டில் எழுதிக் காட்டுவார். மகள் கமலினிக்கு அப்போது பதினைந்து வயது. பள்ளிக்கூடத்துக்குப் போய் ரீச்சரோடு பேசவேண்டி வந்தால், "ஐ வில் ட்ரான்ஸ்லேட், அம்மா" என்று அவளே கூட வருவாள்.

பிறகு பிரன்ஸ்விக்கில் கம்பளி ஸ்வெற்றர் தைக்கும் ஃபக்ரறி ஒன்றில் விமலாதேவிக்கு வேலை கிடைத்தது. முப்பத்திரண்டு மெசின்கள். அவற்றில் இருபத்திமூன்றில் இருந்தவர்கள் இத்தாலியப் பெண்கள். பக்கத்து மெசினில் எர்சிலியா. பருத்த கைகள், உரத்த குரல். முதல் நாளே கத்தரிக்கோலைத் தூக்கிக் காட்டி அதன் பெயரைச் சொன்னாள். விமலாதேவி திருப்பிச் சொன்னார். பிழையாகச் சொல்லியிருக்க வேண்டும், மெசின் வரிசை முழுவதும் சிரித்தது. எர்சிலியா எழும்பி வந்து அவருடைய இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். பிழை விட்டதற்கு முத்தம் கிடைக்கும் மொழியை யார்தான் படிக்காமல் விடுவார்கள்?

மூன்று வருடத்தில் விமலாதேவி அந்தப் பெண்களோடு சண்டை பிடிக்கும் அளவுக்குத் தேறிவிட்டார். ஒரு விசயம் மட்டும் அவருக்குத் தெரியாது. தான் கற்றது புத்தக இத்தாலியன் அல்ல, எர்சிலியா பிறந்த வால்தெல்லினா என்ற பள்ளத்தாக்கின் பேச்சு கலந்த இத்தாலியன் என்பது. வடக்கு இத்தாலியில், சுவிஸ் எல்லையை ஒட்டி, வைன் செய்வதற்குத் திராட்சை வளர்க்கும் மலைப் பள்ளத்தாக்கு அது.

1976 ஜூன் மாதக் குளிரில் மெல்பேர்ணில் இருந்த அந்தப் பள்ளத்தாக்குக்காரரின் சங்கம் ஒரு இராப்போசன விருந்து வைத்தது. எர்சிலியா வற்புறுத்தியதால் விமலாதேவி பரிசுக் குலுக்கலுக்கு ஒரு ராஃபிள் ரிக்கற் வாங்கினார். விருந்துக்கும் போனார்கள். மகாதேவன் சூட்டோடு நிமிர்ந்து உட்கார்ந்து தோடம்பழச் சாறு குடித்துக்கொண்டிருந்தார். மேடையில் ஒருவர் துண்டை எடுத்து இலக்கத்தை இத்தாலியனில் வாசித்தார். விமலாதேவி கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்.

"எங்கை போறீர்? ரொயிலற் அங்காலை," என்றார் மகாதேவன்.

"எங்கடை நம்பரப்பா. இருநூற்றுப் பதினேழு."

"அவன் இருநூற்றுப் பதினேழு எண்டு சொன்னது உமக்கு எப்பிடித் தெரியும்?"

அதற்குள் விமலாதேவி பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி மேடையில் ஏறிவிட்டார். முதல் பரிசு மிலானுக்குப் போய்வர இரண்டு விமான ரிக்கற்.

அடுத்த நாள் மதியச் சாப்பாட்டு வேளையில் அவர் ரிக்கற்றைக் கொண்டுபோய் எர்சிலியாவிடம் நீட்டினார். "உன்ரை ஊர். நீ போ."

எர்சிலியா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். "நான் கப்பலிலை வந்தவள். ஆகாயத்திலை தொங்கிக்கொண்டு போக மாட்டன். நீ போ. என்ரை தங்கச்சி பிரூனா அங்கை ஒரு சின்ன விடுதி வைச்சிருக்கிறாள். எழுதிப் போடுறன்."

வைனுக்குப் பெயர்போன இடத்துக்கு, வைன் குடிக்காத நாங்கள் ஏன் போக வேண்டும் என்று மகாதேவன் கேட்டார். லண்டனுக்கு மாற்றித் தருவார்களா என்றும் விசாரித்தார். தரமாட்டார்களாம். தாதிப் பயிற்சியில் இருந்த கமலினி விடுதியிலிருந்து ரெலிபோனில் ஒரே வசனத்தில் முடித்தாள். "ஜஸ்ட் கோ, அம்மா!"

ஒக்ரோபரில் போனார்கள். மிலானிலிருந்து ஏரிக்கரை ஓரமாக இரண்டு மணித்தியால ரயில். சொந்திரியோ என்ற ஸ்ரேசனில் இறங்கியதும் மகாதேவன் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு விசாரணை யன்னலுக்குப் போனார். தங்களை இன்ன கிராமத்துக்கு ஏற்றிச் செல்லும் பேருந்து எவ்விடத்தில் தரித்து நிற்கும் என்பதை அருள்கூர்ந்து அறியத் தர முடியுமா என்று அழகான ஆங்கிலத்தில் கேட்டார். யன்னலுக்குள் இருந்தவர் அவரைப் பார்த்தார். மகாதேவன் அதையே இன்னும் மெதுவாகச் சொன்னார். பிறகு இன்னும் சத்தமாகச் சொன்னார்.

"தள்ளுங்கோ," என்றார் விமலாதேவி. யன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, எர்சிலியாவிடம் கேட்பதுபோல இரண்டு வார்த்தை கேட்டார்.

உள்ளே இருந்தவரின் கையிலிருந்த பேனை விழுந்தது. அவர் பின்பக்கம் திரும்பிக் கூப்பிட்டதை விமலாதேவி பிற்காலத்தில் நூறு தரம் சொல்லிச் சிரித்திருக்கிறார். "எல்லாரும் ஓடி வாங்கோ! சேலை கட்டின ஒரு அம்மா என்ரை மாமி மாதிரிக் கதைக்கிறா!"

நாலு பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் இருவரின் பெட்டிகளையும் தானே தூக்கிக்கொண்டுபோய் பஸ்ஸில் வைத்தார்.

பிரூனா அக்காவைப் போலவே பருத்தவள், அக்காவைவிட உரத்தவள். விடுதி என்பது நாலு அறை கொண்ட கல்வீடு. காலையில் யன்னலைத் திறந்தபோது விமலாதேவி அப்படியே நின்றுவிட்டார். எதிரே மலை முழுவதும் படிப்படியாகக் கல் அணை கட்டி, ஒவ்வொரு படியிலும் திராட்சைக் கொடி. பிளீற் மடிப்பு வைத்துத் தைத்த பாவாடையை யாரோ ஆகாயத்திலிருந்து தொங்கவிட்டதுபோல இருந்தது என்று மகளுக்கு எழுதிய தபாலட்டையில் குறிப்பிட்டிருக்கிறார். கீழே ஆறு, அதன் கரையில் ஆப்பிள் தோட்டங்கள், அதற்கும் அப்பால் உச்சியில் பனி.

சாப்பாட்டைப் பற்றித்தான் பயந்துகொண்டு போனார்கள். ஆனால் அந்த ஊரில் குரக்கன் மாவைப்போலக் கறுத்த ஒரு மா இருந்தது. அதைக் கரைத்து, உள்ளே சீஸ் கட்டி வைத்து, எண்ணெயில் பொரித்துச் சின்ன உருண்டைகளாகக் கொண்டுவந்து வைத்தாள் பிரூனா. மகாதேவன் ஒன்றைச் சந்தேகத்தோடு கடித்தார். பிறகு பதினான்கு சாப்பிட்டார்.

சாப்பாடு சரி. பேச்சுத்தான் அவருக்குப் பெரிய துன்பமாகப் போனது. அந்தக் கிராமத்தில் ஆங்கிலம் தெரிந்தவள் பிரூனாவின் மகள் ஒருத்தி மட்டும்தான். அவளும் பரீட்சைக்காக மிலானுக்குப் போயிருந்தாள். நாலு நாள் மகாதேவன் ஆங்கிலத்தில் பேசியது பிரூனாவின் கோழிகளோடு மட்டுமே. குளிக்க வெந்நீர் வேண்டுமென்றாலும் மனைவியைத்தான் கேட்கவேண்டியிருந்தது.

"விமலா, சுடுதண்ணிக்கு என்ன சொல்லுறது?"

"ஆக்குவா கால்தா."

அவர் குசினி வாசலில் போய் நின்று அதைச் சொன்னார். பிரூனா வாய்விட்டுச் சிரித்து, இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். மகாதேவனின் முகம் சிவந்துவிட்டது. அடுத்த நாள் வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "நீரே போய்க் கேளும்," என்றார். வாளியை வாங்கிக்கொண்டு போன விமலாதேவிக்கு அவர்மேல் முதன்முறையாக ஒரு இரக்கம் வந்தது. பிரூனா சிரித்தது அன்பில்தான். ஆனால் அது சிரிப்பு வாங்கியவருக்கு எங்கே விளங்கப்போகிறது?

ஐந்தாம் நாள்தான் சம்பவம் நடந்தது. பிரூனாவின் கணவர் துல்லியோ சுற்றுலாப் பயணிகளைத் திராட்சை மலைக்குக் கூட்டிப்போய்க் காட்டி, நிலவறையில் வைன் சுவைக்கக் கொடுப்பவர். அன்றைக்கு இங்கிலாந்திலிருந்து எட்டுப் பேர் சின்ன பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். வழக்கமாக மொழிபெயர்க்கிற மகள் இல்லை. துல்லியோவுக்கு ஆங்கிலத்தில் தெரிந்தது 'வெல்கம்' மட்டும். அதைச் சொல்லிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

மகாதேவன் முன்னுக்கு வந்தார். நாலு நாளாகப் பூட்டிக் கிடந்த மனிதர். "விமலா, அவர் சொல்லுறதை நீர் எனக்குத் தமிழிலை சொல்லும். நான் அவைக்கு இங்கிலீசிலை சொல்லுறன்."

அப்படியே புறப்பட்டார்கள். துல்லியோ ஒரு கல் அணையில் கையை வைத்துக்கொண்டு பேசினார். விமலாதேவி திரும்பி, "மழைக்கு இந்த மண் கீழை வழிஞ்சு போயிடுமாம். ஒவ்வொரு வருசமும் கூடையிலை அள்ளி, முதுகிலை சுமந்து, திருப்பி மேலை கொண்டுபோய்க் கொட்டுவினமாம். அவற்றை அப்பாவும் சுமந்தவராம்," என்றார்.

மகாதேவன் தொண்டையைச் செருமினார். அவர் பேசிய ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "இப்பிரதேசத்தின் சோர்வறியா உழவர் பெருமக்கள், மாரியினால் அரித்துச் செல்லப்பட்ட வண்டலை ஆண்டுதோறும் மீட்டெடுத்து, மூதாதையர் வழிநின்று, யதாஸ்தானத்தில் பிரதிட்டை செய்கின்றனர்."

எட்டுப் பேரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம், "யாரை அடக்கம் செய்ததாகச் சொல்கிறார்?" என்று மெல்லக் கேட்டார்.

இன்னும் இரண்டு படி ஏறியதும் துல்லியோ உற்சாகமாகிவிட்டார். அந்தச் சரிவின் பெயர் 'இன்ஃபெர்னோ', நரகம். கல் அணைகள் வெயிலை உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையில் ஆளை வறுத்தெடுக்குமாம், அதனால் வந்த பெயர். அங்கே விளையும் வைனுக்கும் அதுவே பெயர். "என்ரை மாமனார் ஒவ்வொரு நாளும் பின்னேரம் நரகத்துக்குப் போறவர்," என்றார் துல்லியோ. "சுவாமியார் வந்து மனம் திரும்பச் சொன்னார். மாமனார் சுவாமியாருக்கு ஒரு கிளாஸ் ஊத்திக் குடுத்தார். அண்டைக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து போறவை!"

விமலாதேவி அணையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்து, ஒருவாறு கணவருக்குச் சொன்னார். மகாதேவன் யோசித்தார். பாதிரியாரைப் பற்றிய கதை, வந்தவர்களோ கிறிஸ்தவர்கள். எட்டுப் பேரையும் பார்த்து, "இவ்விடத்தில் வெப்பம் சற்று அதிகம் என்கிறார்," என்று முடித்துக்கொண்டார்.

கூட்டத்தில் மிஸிஸ் கிரேவ்ஸ் என்றொரு பெண்மணி இருந்தார். தபாற்கந்தோர் நடத்தி ஓய்வு பெற்றவர். அவர் மகாதேவனைப் பார்த்தார், பிறகு இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த விமலாதேவியைப் பார்த்தார். "வெப்பம் அதிகம் என்பதற்கா இவ்வளவு சிரிப்பு? நீங்களே சொல்லுங்கள் அம்மா. அந்த மனிதர் என்னதான் சொன்னார்?"

எல்லோரும் திரும்பினார்கள். விமலாதேவி கணவரைப் பார்த்தார். கணவர் கல் அணையைப் பார்த்தார். சிரிப்பு இன்னும் வயிற்றுக்குள் இருந்ததால் பயம் வர இடமில்லாமல் போயிற்று என்பார் விமலாதேவி. வாயைத் திறந்துவிட்டார்.

"ஹிஸ் ஃபாதர் இன் லோ, எவ்ரி டே கோயிங் ரு ஹெல்," என்று தொடங்கினார். "ப்ரீஸ்ட் கம். ப்ரீஸ்ட் சே, டோன்ட் கோ. ஃபாதர் இன் லோ கிவ் ஒன் கிளாஸ். நவ் போத் கோயிங்!"

எட்டுப் பேரும் வெடித்துச் சிரித்தார்கள். மிஸிஸ் கிரேவ்ஸ் பக்கத்தில் நின்றவரின் தோளைப் பிடித்துக்கொண்டார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று விளங்கிய துல்லியோ விமலாதேவியின் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு மகாதேவனை யாரும் கேட்கவில்லை. நிலவறையில் துல்லியோ பீப்பாய்க்குப் பீப்பாய் போய் விளக்க, விமலாதேவி தனக்குத் தெரிந்த சொற்களை முன்னும் பின்னுமாகப் போட்டு நேராக ஆங்கிலத்தில் சொன்னார். சொல் கிடைக்காத இடத்தில் கையால் காட்டினார். இந்த வைன் எப்படி இருக்கும் என்று மிஸிஸ் கிரேவ்ஸ் கேட்டார். முதல் நாளே பிரூனாவின் வற்புறுத்தலுக்காக ஒரு மிடறு வாயில் விட்டுப் பார்த்திருந்தார் விமலாதேவி. நாவற்பழம் தின்றால் வாய் கூசுமே, அப்படி. அந்தக் 'கூசுது' என்ற சொல்லுக்கு ஆங்கிலம் தேடினார். கமலினி பள்ளிக்கூடத்தில் கூச்சப்படுகிறாள் என்பதற்கு ரீச்சர் சொன்ன சொல் ஞாபகம் வந்தது.

"மவுத் இஸ் கெற்றிங் ஷை," என்றார்.

அவர் சொன்னதை நேரே எடுத்தால், வாய்க்கு வெட்கம் வருகிறது என்று பொருள். மகாதேவனின் விரல் தானாகவே மேலே எழும்பியது. "அதாவது, இவர் சொல்ல நினைத்தது..."

"வேண்டாம்!" என்றார் மிஸிஸ் கிரேவ்ஸ். அவர் ஏற்கெனவே ஒரு மிடறு குடித்து, வாயை மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அதில் ஒரு எழுத்தைக்கூடத் தொடாதீர்கள். அப்படியேதான் இருக்கிறது." கைப்பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார்.

அடுத்த நாள் மழை வரப்போகிறது என்று செய்தி வந்ததால் கிராமமே திராட்சை பறிக்க மலையேறியது. விமலாதேவி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பிரூனாவின் பழைய சப்பாத்தை மாட்டிக்கொண்டு போனார். நாள் முழுக்க நூல் நறுக்கிப் பழகிய கை. மதியத்துக்குள் பிரூனாவுக்குச் சமமாகக் குலை வெட்டினார். மகாதேவன் முதுகுக் கூடையை ஒருமுறை சுமந்து கீழே கொண்டுபோனார். அத்தோடு அணையில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய முழங்காலுக்குப் பிரூனா உள்ளூர்ச் சாராயத்தைப் போட்டுத் தேய்த்துவிட்டாள். சாராயத்தைக் கிட்டவும் கண்டிராத மனிதர் கண்ணை மூடிக்கொண்டு பொறுத்துக்கொண்டார்.

வெட்டி முடிந்து விமலாதேவி பக்கத்தில் வந்து அமர்ந்தபோது அவர் சொன்னார், "நேற்று ஒரு இடத்திலை நீர் 'ஹீ டோன்ட்' எண்டு சொன்னீர்."

"தெரியும்."

"நான் ஒண்டும் சொல்லேல்லை."

"அதுவும் தெரியும்."

மகாதேவன் முழங்காலைத் தடவிக்கொண்டார். "நீர் சொன்னது எல்லாருக்கும் விளங்கினது, விமலா. நான் சொன்னதுதான் ஒருத்தருக்கும் விளங்கேல்லை." பிறகு தானே சிரித்துவிட்டார். "யாரை அடக்கம் செய்ததெண்டு கேட்டாங்கள்!"

"நானும் பயந்துபோனன். நீங்கள் சொன்ன விதம் அப்பிடி," என்றார் விமலாதேவி. இரண்டு பேரும் அணையில் இருந்து சிரித்ததைப் பார்த்து, என்ன விசயம் என்று பிரூனா கீழ்ப் படியிலிருந்து கத்திக் கேட்டாள். விமலாதேவி மேலிருந்து கத்திச் சொன்னார். சொல்லி முடிக்க முன்னரே மழை பிடித்துக்கொண்டது.

மெல்பேர்ணுக்குத் திரும்பி வந்தவர் பழைய விமலாதேவி இல்லை. கடையில் விரலால் காட்டுவது நின்றது. பிழையோடு பேசினார், வேகமாகப் பேசினார், விளங்காதவர்களிடம் திருப்பிச் சொன்னார். 1977 குளிர்காலத்தில் ஃபக்ரறியின் வெப்பமூட்டி பழுதாகி ஐந்து வாரம் கிடந்தது. பெண்கள் கையுறையோடு தைக்க முடியாமல் தவித்தார்கள். யூனியன் பிரதிநிதியாக இருந்தவர் விலகிய சமயம். எர்சிலியா எழுந்து விமலாதேவியின் பெயரைச் சொன்னாள். இருபத்தெட்டுக் கைகள் உயர்ந்தன.

முகாமையாளரின் அறைக்கு அவர் தனியாகத்தான் போனார். போனவர், "சேர், ஃபிங்கர்ஸ் ஆர் ஸ்லீப்பிங். நீடில் இஸ் நொட் ஸ்லீப்பிங்," என்றார். விரல் விறைத்துத் தூங்குகிறது, ஊசி தூங்கவில்லை. முகாமையாளருக்கு விளங்கவில்லைபோல இருந்தது. அதனால் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து, கோட்டைக் கழற்றச் சொல்லித் தன்னுடைய மெசினில் உட்காரவைத்தார். பத்து நிமிடத்தில் அவர் எழும்பிவிட்டார். அடுத்த திங்கட்கிழமை மூன்று புதிய வெப்பமூட்டிகள் வந்து இறங்கின.

அதற்குப் பிறகு இரண்டு தடவை விமலாதேவியையே தெரிவுசெய்தார்கள். மகாதேவனும் சும்மா இருக்கவில்லை. ஃபக்ரறிப் பெண்களுக்குச் சனிக்கிழமை காலைகளில் தங்கள் வீட்டு விறாந்தையில் ஆங்கில வகுப்புத் தொடங்கினார். முதல் நாளே பதினொரு பேர் கதிரைகளை நிரப்பிவிட்டார்கள். முதல் அரை மணித்தியாலம் யார் என்ன பிழை விட்டாலும் திருத்துவதில்லை என்பது வகுப்பின் விதி. அந்த அரை மணித்தியாலமும் அவர் இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நிற்பார்.

விமலாதேவி மட்டும் அந்த வகுப்பில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. சனிக்கிழமை காலையில் அவருக்கு நகரத்தில் யூனியன் கூட்டம் இருந்தது.